மணிக்கட்டு காணும் உழைப்பு

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையையொட்டிய கள்ளிக்குப்பத்தின் தெருக்களில் விடியற்காலை வேளையில் நின்று பார்ப்பவர்க்கு, கைவீசி விரைந்து நடக்கும் உத்தியோகஸ்தரும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிவரும் பெண்மணியும், காய்கறி வண்டியைத் தள்ளிச்செல்லும் வியாபாரியும் ஒரே சமயத்தில் தம் சரீரத்தை உழைப்பில் செலுத்துகிறார்கள் என்பது விளங்கும். ஆயினும் இம்மூவர் கையிலும் இக்காலத்து உடற்பயிற்சிக் கடிகாரத்தைக் கட்டிவிட்டால், முதல்வரின் உழைப்பை அது தயக்கமின்றித் தேகப்பயிற்சி என்று ஒப்புக்கொள்ளும். மற்ற இருவர் உழைப்பில் பெரும்பகுதியை விட்டுவிடவும் கூடும். இந்தத் தீர்ப்பு எந்த நியாயத்தின்மேல் எழுகின்றது என்பது ஆராயத்தக்கது.

கடிகாரத்துக்குப் புலன்கள் முக்கியமாக இரண்டே. கை அசையும் வேகமாற்றத்தை மூன்று திசைகளில் அளக்கும் முடுக்கமானி ஒன்று. பச்சை ஒளியைத் தோலினுள் பாய்ச்சி, இரத்தம் அதை உறிஞ்சும் ஏற்றத்தாழ்விலிருந்து நாடித்துடிப்பைக் கணிக்கும் உணரி மற்றொன்று. இவை தரும் கணக்கின்மேல் ஓர் எல்லைக்கோடு இடப்படுகின்றது. சும்மா அமர்ந்திருக்கையில் உடல் செலவிடும் சக்தியை ஒரு பங்கெனக் கொண்டு, அதன் மும்மடங்கும் அதற்கு மேலும் செலவாகும் செயல்களை மிதமான உழைப்பு முதலாக வகுப்பது உடலியலார் வழக்கம். ஆப்பிள் கடிகாரமோ விரைந்த நடைக்கு ஈடான அசைவுள்ள ஒவ்வொரு முழு நிமிஷத்தையும் பயிற்சியாக ஏற்கின்றது. இக்கோடு இயற்கை வகுத்ததன்று. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட நெறிமுறை, பத்து நிமிஷமேனும் இடையறாது நீளும் உழைப்பையே கணக்கில் கொண்டது. 2020-இல் அந்த நிபந்தனையை அது நீக்கிவிட்டது. மூன்றாம் மாடிக்குப் படியேறுதல் முன்பு பயிற்சியாகாமல் இருந்து பின்பு பயிற்சியாயிற்று. ஏறியவரின் உடலில் மாறுதல் ஏதுமில்லை. எங்கும் ஓதப்படும் பத்தாயிரம் அடிகளும், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவுமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியவையே.

இதனால் இக்கடிகாரத்தை வீண் என்று தள்ளிவிடுதல் பெரும் பிழையாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்து, 2014-இல் வெளியான ஆய்வு, அவ்விடங்களில் சரிபாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலியக்கம் அற்றவர்கள் என்றும், ஓய்வுநேரத்தில் பயிற்சி செய்வோர் பத்தில் ஒருவர்கூட இல்லையென்றும் காட்டிற்று. நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இது அச்சம் தரும் செய்தி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு அருகே எழுந்துள்ள கணினி அலுவலகங்களில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவரிடம், இன்று எவ்வளவு நடந்தீர் என்று கேட்டால், அவர் ஞாபகம் கூட்டியே சொல்லும். கடிகாரம் முகஸ்துதி செய்வதில்லை. அசையாதவரை அசையச்செய்ய இதனினும் எளிய சாதனம் சாமானியர்க்குக் கிடைத்ததில்லை என்றே கருதுகிறேன்.

குறைகளோ, அது மணிக்கட்டில் குடியிருப்பதிலேயே தொடங்குகின்றன. வண்டியின் பிடியைப் பற்றிய கை வீசுவதில்லை. குடத்தை அணைத்த கையும் அவ்வாறே. ஆகவே கால்கள் நடந்த அடிகள் குறைந்து பதிவாகின்றன; குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனத்தில் குலுங்கிச் செல்பவர்க்கோ நடவாத அடிகள் சில சமயம் சேர்ந்துவிடுகின்றன. சுமையின் எடையை அக்கருவி அறியாது. நாடித்துடிப்பு அக்குறையை நிரப்புமெனில், சென்னையின் சித்திரை வெயிலில் வெப்பத்தாலேயே துடிப்பு உயர்கின்றது. இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து உண்பவர்க்கோ மெய்யாகவே உழைத்தாலும் அது போதிய அளவு உயர்வதில்லை. இவையெல்லாம் திருத்தவொண்ணாத விதிகளல்ல. 2016-இல் ஆப்பிள் நிறுவனம், சக்கர நாற்காலியில் செல்வோர் சக்கரத்தைத் தள்ளும் வீச்சைத் தன் கடிகாரம் எண்ணுமாறு செய்தது. நினைத்துப் பார்க்கப்பட்டவரின் உழைப்பு எண்ணிக்கைக்குள் வந்தது. பனிச்சறுக்குக்குப் பட்டியலில் இடம் தந்தவர்கள் நீர் சுமப்பவளை இன்னும் நினைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

அப்படியானால் உழைப்பனைத்தையும் பயிற்சியென்று எழுதிவிடலாமா? 1953-இல் லண்டன் பேருந்துகளை ஆராய்ந்த ஜெரமி மாரிஸ், அமர்ந்து ஓட்டும் ஓட்டுநரைவிட, மாடிப் பேருந்தில் ஏறியிறங்கும் நடத்துநர்க்கு மாரடைப்பு குறைவெனக் கண்டார். தொழிலே பயிற்சியாகும் என்பதற்கு அது சிறந்த சான்று. ஆனால், ஓய்வுநேர இயக்கம் தரும் நன்மையைக் கடுமையான தொழிலுழைப்பு தருவதில்லை என்று டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் முதலியோர் அண்மைக் காலத்தில் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். இளைப்பாற இடமின்றி மணிக்கணக்கில் சுமை தூக்குபவரின் இரத்த அழுத்தம் நெடுநேரம் உயர்ந்தே இருக்கக்கூடும் என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. ஆதலால், தொழிற்பேட்டையில் மூட்டை இறக்குபவரைக் கடிகாரம் பாராட்டி அனுப்பினால் அதுவும் தவறாகவே முடியும். அவர் உழைப்பைத் தனிக்கணக்கில் எழுதி, போதிய ஓய்வு கிடைத்ததா என்று கேட்கும் கருவியே அவர்க்கு வேண்டும்.

கடிகாரத்தின் கணக்கு அணிந்தவரோடு நிற்கும்வரை பிழையால் விளையும் தீங்கு சிறிதே. இப்போதோ இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் சில, நடந்த அடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு பிரீமியத்தில் சலுகை அளிக்கின்றன. குடம் சுமந்தவள் பெயரில் பதியாத அடி, அங்கே அவள் இழக்கும் பணமாகிவிடுகின்றது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள்; அவளுடைய ஆரோக்கியத்துக்கு அந்த அளவுகள் நேரான சாட்சியாகும். சலுகை தர விரும்பும் நிறுவனம், அடிக்கணக்கோடு அவற்றையும் ஏற்றுக்கொள்ளட்டும்.