நடையும் தண்டிகையும்

'நடங்க, சைக்கிள் மிதிங்க, உடம்புக்கு நல்லது' என்கிற சொல்லாடல் இன்று எங்கும் பெருத்துக் கிடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட செயல்திட்டப்படி, 2030க்குள் உடலியக்கமின்மையை 15 சதவீதம் குறைக்க வேண்டுமாம். சென்னை மாநகராட்சியும் 2014இலேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. எனக்கு இவற்றோடு சண்டை இல்லை. ஆனால் இந்தச் சொல்லாடல் கட்டமைக்கிற 'நடப்பவர்' யார்? அவருக்குச் சாதி கிடையாது, பால் கிடையாது. சர்க்கரை வியாதி மட்டும் உண்டு. இப்படியொரு உடல் நம்மூர்த் தெருவில் எங்கே நடக்கிறது?

இந்தக் கேள்வியைத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து கேட்பது பொருத்தம். காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவிலுள்ள இந்த ஊர் தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பிடித்ததே ஒரு தெருச் சண்டையால்தான். அவைப்புலவர் அதிமதுரகவி, தண்டிகைப் புலவர் அறுபத்து நால்வர் சூழ வீதியில் வருகிறார். கட்டியக்காரன் விருது கூறுகிறான்; தெருவில் நின்ற காளமேகத்தையும் வாழ்த்துச் சொல்லச் சொல்கிறான். காளமேகம் மறுக்கிறார். அப்புறம் அவையில் அவமதிப்பு, எமகண்டம், கடைசியில் ஊர் அழிய மண்மாரி கேட்டுப் பாடிய வசை.

பண்டிதர்கள் இதில் சிலேடையையும் ஆசுகவித் திறத்தையும் மட்டுமே பார்த்தார்கள். எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. 'தண்டிகைப் புலவர்' என்ற பட்டத்தை யாரும் நிறுத்தி வாசிக்கவில்லை. தண்டிகை என்றால் பல்லக்கு. கால் தரையில் படாமலிருப்பதே இங்கே புலமையின் அளவுகோல். தெருவில் நிற்பவன் பல்லக்கைப் பார்த்து வாழ்த்த வேண்டும் என்பது அந்த அளவுகோலின் அன்றாட அமலாக்கம்.

சரி, காளமேகத்தைக் கலகக்காரராக்கிக் கொண்டாடிவிட்டுப் போய்விடலாமா? முடியாது. கதைப்படி அவர் கோயில் மடைப்பள்ளிப் பரிசாரகர், பார்ப்பனர். அந்தத் தெருவில் நின்று எதிர்த்துப் பேச முடிந்ததற்கு அதுவும் காரணம். பல்லக்கைத் தூக்கியவர்களைப் பற்றிக் கதை மூச்சே விடவில்லை. தண்டிகைக்கு நாலு பேர் என்று குறைவாக வைத்தாலும் 256 பேர். அந்த ஊர்வலத்தில் சுமையோடு நடந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் பெயரில் கவியும் இல்லை, வசையும் இல்லை. மண்மாரி பெய்தால் மட்டும் அவர்கள் குடிசை மேலும்தான் பெய்யும்.

நடப்பது ஒரு பேச்சுச் செயல் என்றார் மிஷேல் தெ செர்த்தோ (1980). நகரமைப்பாளர்கள் எழுதிவைத்த பிரதியை நடப்பவர் தன் போக்கில் பேசிப் பார்க்கிறார், குறுக்குச் சந்தில் புகுந்து மாற்றிச் சொல்கிறார். அழகான கருத்து. ஆனால் பேசவே அனுமதி இல்லாதவர்? பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதவர் இடுப்பில் துடைப்பம் கட்டி, தான் மிதித்த மண்ணைத் தானே பெருக்கிக்கொண்டு போக வேண்டியிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' (1936) நூலில் எடுத்துக்காட்டுகிறார். வாக்கியத்தை எழுதியவரே அதை அழிக்கவும் வேண்டும். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் கேட்டது கோயிலுக்குள் நுழைய அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. அதற்காகப் பெரியார் இருமுறை சிறை போனார். தமிழ்நாட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடி, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சொன்ன தெருக்கள் எத்தனை என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வரலாற்றில் வைத்துத்தான் புதுக்கோட்டையை வாசிக்க வேண்டும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் சைக்கிளில் நகருக்குள் வந்தார்கள். பி. சாய்நாத் தன் 1996ஆம் ஆண்டு நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள்; சிலருக்கு அதுவே வசதி, பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். கேலியும் வசவும் வந்தன. ஓட்டினார்கள். இங்கே சைக்கிள் உடற்பயிற்சி அல்ல. பஸ்ஸுக்காகவோ, கொண்டுபோய் விட வேண்டிய அப்பன், அண்ணன், புருஷனுக்காகவோ காத்திருந்த நேரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வது. 'ஆரோக்கியம்' என்ற சொல்லால் இதை மொழிபெயர்த்தால் அரசியல் முழுக்க வடிந்துவிடும்.

எதிர்த் திசையில் பாண்டி பஜார். 2013இல் நடைபாதை வியாபாரிகளை மாடிக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். 2019இல் அதே வீதி நடப்போருக்கான வளாகமாகத் திறக்கப்பட்டது. நடப்பதற்கு இடம் கிடைத்தது நிஜம். நடைபாதையில் பிழைத்தவர்களை அகற்றிய பிறகு கிடைத்தது என்பதும் நிஜம்.

எங்கள் பக்கம் வாங்க. காரைக்காலிலிருந்து நாகூர் போகிற நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. வாஞ்சூரில் 2009இல் துறைமுகம் வந்தது, லாரி வந்தது. அந்தச் சாலையோரம் மீன்கூடை சுமந்து நடக்கிற பெண்ணிடம் போய் 'நடங்கம்மா, நல்லது' என்று சொல்ல எந்தப் பிரச்சாரகருக்கு வாய் வரும்? அவர் தேவைக்கு மேலேயே நடந்துவிட்டார். அவருக்கு வேண்டியது லாரி உரசாத ஓரம், நிழல், கூடையை இறக்கி வைக்க ஒரு திண்ணை. பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிற பிள்ளைக்கு வேண்டியது எந்தத் தெருவிலும் இறங்காமல் போகிற உரிமை.

நடையையும் சைக்கிளையும் ஆதரித்து எழுதுகிற தோழர்களிடம் நான் கேட்பது இதுதான். கலோரிக் கணக்கை டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தெருவுக்குத் தெரு யார் நடக்கலாம், யார் இறங்கித் தள்ளணும், யார் சுமக்கணும் என்ற கணக்கை நாம் எழுதுவோம். அதை விட்டுவிட்டுப் போடுகிற நடைபாதையிலும் ஒரு கட்டியக்காரன் நின்றுகொண்டுதான் இருப்பான்.