ஜோஹ்ரா சேகல்

ஜோஹ்ரா சேகல் (ஏப்ரல் 27, 1912 – ஜூலை 10, 2014) இந்திய நடனக் கலைஞர், நாடக நடிகை, தொலைக்காட்சி மற்றும் திரைப்பட நடிகை. உதயசங்கரின் நடனக்குழுவிலும் பிரித்விராஜ் கபூரின் பிரித்வி தியேட்டரிலும் பணியாற்றியவர். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இடம்பிடித்த தொடக்ககால இந்திய நடிகைகளில் ஒருவர். இந்தி சினிமா ரசிகர்கள் இவரைக் குறும்புக்காரப் பாட்டியாகவே அறிவார்கள். அந்த அடையாளம் எழுபது வயதுக்குப் பின் உருவானது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டுக் கலைவாழ்க்கையை அது பெரும்பாலும் மறைத்துவிட்டது.

பிறப்பு, கல்வி

ஜோஹ்ராவின் இயற்பெயர் சாகிப்சாதி ஜோஹ்ரா பேகம் மும்தாஜுல்லா கான். ராம்பூரைச் சேர்ந்த ரோகில்லா பட்டாணியர் குடும்பத்தில் ஏழு குழந்தைகளில் மூன்றாமவராக சகரன்பூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். மூத்த சகோதரி ஹாஜ்ரா பேகம் பின்னாளில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரானார். தங்கை உஸ்ராவும் நாடக நடிகை.

தாயின் விருப்பப்படி லாகூரில் உள்ள குயின் மேரி கல்லூரியில் ஜோஹ்ரா படித்தார். அங்கே மாணவிகள் கடுமையான பர்தா முறையைக் கடைப்பிடிக்கவேண்டும். படிப்பு முடிந்ததும் தாய்மாமனுடன் காரிலேயே மேற்காசிய நாடுகள் வழியாக ஐரோப்பா சென்றார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் நடத்திய நவீன நடனப் பள்ளியில் மூன்றாண்டுகள் பயின்றார். அப்பள்ளியில் பயின்ற முதல் இந்தியப் பெண் இவரே. பர்தாவுக்குள் வளர்ந்த பெண் உடலையே மொழியாகக் கொண்ட கலைக்குள் சென்றது, அவர் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்த மீறல்களில் முதலாவது.

உதயசங்கரின் குழுவில்

1935-ல் ஜோஹ்ரா உதயசங்கரின் நடனக்குழுவில் சேர்ந்தார். ஜப்பான், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா எனக் குழு சென்ற இடங்களிலெல்லாம் முதன்மைக் கலைஞர்களில் ஒருவராக ஆடினார். உதயசங்கர் அல்மோராவில் பண்பாட்டு மையத்தைத் தொடங்கியபோது அங்கே ஆசிரியரானார். கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான் என்று அந்தந்தக் கலையின் ஆசான்களை உதயசங்கர் அங்கே வரவழைத்திருந்தார். பரதநாட்டியம் கற்பித்தவர் பாலசரஸ்வதியின் குருவான கந்தப்ப பிள்ளை. குரு தத் அங்கே மாணவராக இருந்தார்.

பிற்காலத்தில் இந்தி சினிமாவுக்கு ஜோஹ்ரா அமைத்த நடனங்களுக்கு இந்தப் பின்புலமே அடிப்படை. குரு தத்தின் முதல் படமான 'பாஸி' (1951) அவற்றுள் ஒன்று.

அல்மோராவில் மாணவராக இருந்த காமேஷ்வர் சேகலை 1942-ல் மணந்தார். காமேஷ்வர் இந்து, ஜோஹ்ராவைவிட எட்டு வயது இளையவர். இருவரும் லாகூரில் நடனப் பள்ளி ஒன்றை நடத்தினர். பிரிவினைக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே மதப் பகை வளர்ந்தபோது பள்ளியை விட்டுவிட்டு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தனர்.

பிரித்வி தியேட்டர்

பம்பாயில் தங்கை உஸ்ரா ஏற்கெனவே பிரித்வி தியேட்டரில் நடித்துக்கொண்டிருந்தார். 1945-ல் ஜோஹ்ராவும் அதில் சேர்ந்தார். நடனப் பயிற்சி அளிப்பதும் நடிப்பதும் அவர் பணிகள். பதினான்கு ஆண்டுகள் அக்குழுவோடு இந்தியா முழுவதும் பயணம் செய்தார். இந்திய மக்கள் நாடக மன்றத்திலும் (இப்டா) தீவிரமாகப் பங்காற்றினார். கே.ஏ. அப்பாஸின் 'தர்தி கே லால்', கான் திரைவிழாவில் உயரிய விருது பெற்ற சேதன் ஆனந்தின் 'நீச்சா நகர்' ஆகிய இரண்டு படங்களிலும் 1946-ல் நடித்தார்.

தமிழ் வாசகர்கள் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபாவை நினைவில் கொண்டால் பிரித்வி தியேட்டரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளலாம். நடிகர்கள், இசைக்கலைஞர்கள், தொழிலாளர்கள் அனைவரும் ஒரே குடும்பமாக ரயிலில் ஊர் ஊராகச் செல்வார்கள். கிடைத்த இடத்தில் தங்கி, கிடைத்த கொட்டகையில் நடிப்பார்கள். நாடகம் முடிந்ததும் பிரித்விராஜ் கபூர் வாயிலில் துணியை ஏந்தி நிற்பார். அதில் விழும் பணம் நலநிதிக்குச் செல்லும்.

அக்குழுவின் நாடகங்கள் காலத்தின் கொதிநிலையோடு தொடர்புடையவை. 'தீவார்' அயலாரின் தலையீட்டால் வீட்டுக்குள் சுவர் எழுப்பிப் பிரியும் சகோதரர்களின் கதை. நாட்டின் பிரிவினைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மேடையேறியது. 'பட்டான்' தன் இந்து நண்பனின் மகனைக் காக்கத் தன் மகனையே இழக்கும் ஒரு பட்டாணியரின் கதை. லாகூரை விட்டு வந்த ஒரு முஸ்லிம் பெண், இந்துவை மணந்தவர், 1947-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நாடகங்களை ஊர் ஊராக நடித்தார் என்பதை இன்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் இந்தப் பதினான்கு ஆண்டுகளில் கதாநாயகி வேடங்கள் பெரும்பாலும் உஸ்ராவுக்கே சென்றன. ஜோஹ்ரா துணை வேடங்களில் நடித்தார். தங்கையின் அழகைக் குறித்துத் தனக்கு இருந்த பொறாமையை அவர் பின்னாளில் மறைத்ததில்லை. தன் தோற்றத்தைத் தானே கேலி செய்துகொள்வது அவருடைய புகழ்பெற்ற நகைச்சுவைகளில் ஒன்றாகவே ஆனது. அந்தக் கேலிக்குப் பின்னால் அழகியாக இல்லாத நடிகைக்கு இந்திய மேடை எந்த இடத்தை அளித்தது என்ற கேள்வி இருக்கிறது.

லண்டன் வாழ்க்கை

1959-ல் காமேஷ்வர் இறந்தார். 1960-ல் பிரித்வி தியேட்டர் மூடப்பட்டது. இரண்டு குழந்தைகளோடு டெல்லிக்கு வந்த ஜோஹ்ரா அங்கே ஒரு நாட்டிய நாடகப் பள்ளியின் இயக்குநராகச் சில காலம் இருந்தார். 1962-ல் நாடக உதவித்தொகை பெற்று லண்டன் சென்றார். அப்போது வயது ஐம்பது.

லண்டனில் அவர் மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்கினார். ஓல்ட் விக் அரங்கில் நடிகர்களுக்கு உடை அணிவிக்கும் வேலை பார்த்தார். 1963-ல் இந்தியாவில் அவருக்கு சங்கீத நாடக அகாதமி விருது அளிக்கப்பட்டது. தாய்நாட்டில் தேசிய விருது பெற்ற கலைஞர் அதே காலகட்டத்தில் லண்டனில் பிறருக்கு உடை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதை அவர் அவமானமாக நினைவுகூர்ந்ததில்லை. மேடைக்கு அருகே இருப்பதற்கான விலை என்றே எடுத்துக்கொண்டார்.

பி.பி.சி. தொலைக்காட்சியில் சிறு வேடங்கள் கிடைத்தன. 'டாக்டர் ஹூ' தொடரின் 'தி குருசேட்' (1965) கதையில் ஒரு சிறிய பாத்திரத்தில் நடித்தார். அன்றைய பி.பி.சி. ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. அக்கதையின் நான்கு பகுதிகளில் இரண்டின் காட்சிகள் இன்று கிடைப்பதில்லை. மேடை நடிப்பு பதிவாகாமல் மறைந்தது. பதிவான தொலைக்காட்சி நடிப்பிலும் ஒரு பகுதி இப்படி அழிந்தது. 1970-களின் இறுதியில், பிரிட்டனில் குடியேறிய ஆசியப் பெண்களை மனத்தில் கொண்டு பி.பி.சி. தயாரித்த 'படோசி' தொடரில் பங்கேற்றார்.

அவருக்குப் பரவலான கவனத்தைப் பெற்றுத் தந்தது கிரனாடா தொலைக்காட்சியின் 'தி ஜுவல் இன் த கிரவுன்' (1984). பால் ஸ்காட்டின் நாவல் வரிசையை ஒட்டிப் பதினான்கு பகுதிகளாக எடுக்கப்பட்ட தொடர் அது. அதில் லேடி சாட்டர்ஜி வேடம் ஏற்றபோது ஜோஹ்ராவுக்கு எழுபது வயது கடந்திருந்தது. தொடர்ந்து சானல் 4 ஒளிபரப்பிய 'தந்தூரி நைட்ஸ்' நகைச்சுவைத் தொடரிலும், குரிந்தர் சத்தாவின் 'பாஜி ஆன் த பீச்' (1993) படத்திலும் நடித்தார்.

இந்தியா திரும்புதல்

1990-களில் ஜோஹ்ரா இந்தியா திரும்பினார். இக்காலத்தில் அவர் மேடையில் தனியாக நின்று உருதுக் கவிதைகளை நினைவிலிருந்து சொல்லும் நிகழ்ச்சிகள் புகழ்பெற்றன. ஃபைஸ், ஹஃபீஸ் ஜலந்தரி ஆகியோரின் கவிதைகளை விரும்பிச் சொன்னார்.

பிரிவினைக்குப் பின் உஸ்ரா பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்திருந்தார். 1993-ல் லாகூரின் அஜோக்கா நாடகக்குழுவுக்காக ஷாஹித் நதீம் எழுதிய 'ஏக் தி நானி'யில் பல பத்தாண்டுகளுக்குப் பின் இரு சகோதரிகளும் ஒரே மேடையில் நடித்தனர். மதீஹா கௌஹர் இயக்கிய அந்நாடகம் எல்லையால் பிரிக்கப்பட்ட இரு சகோதரிகளின் கதையைச் சொன்னது. இருவரும் தங்கள் சொந்த வாழ்க்கையையே நடித்தனர் எனலாம்.

மணிரத்னத்தின் 'தில் சே' (1998), யஷ் சோப்ராவின் 'வீர் ஸாரா' (2004), பால்கியின் 'சீனி கம்' (2007), சஞ்சய் லீலா பன்சாலியின் 'சாவரியா' (2007) ஆகியவை அவர் இக்காலத்தில் நடித்த படங்களில் சில. தன்வரலாறு ஆங்கிலத்தில் 'ஸ்டேஜஸ்' என்ற பெயரிலும், பின்னர் 2010-ல் 'க்ளோஸ்-அப்' என்ற பெயரிலும் வெளிவந்தது. ஜூலை 10, 2014 அன்று, 102-ஆவது வயதில், டெல்லியில் காலமானார்.

விருதுகள்

- சங்கீத நாடக அகாதமி விருது (1963)
- பத்மஸ்ரீ (1998)
- காளிதாஸ் சம்மான் (2001)
- பத்மபூஷண் (2002)
- சங்கீத நாடக அகாதமி ஃபெலோஷிப் (2004)
- பத்மவிபூஷண் (2010)

மதிப்பீடு

ஜோஹ்ரா சேகலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை அவருடைய வயதைப் பற்றியவை. இந்த வயதிலும் நடிக்கிறாரே, இந்த வயதிலும் சிரிக்கிறாரே என்னும் வியப்பு அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் எப்படி நடித்தார் என்ற கேள்வி அந்த வியப்பில் காணாமல் போகிறது. பட்டியலில் உள்ள விருதுகளும் இதையே காட்டுகின்றன. 1963-க்கும் 1998-க்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் வெற்றிடம். அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து பெருமைகள். இந்த அங்கீகாரத்தில் கலைக்கு அளிக்கப்பட்டது எவ்வளவு, ஆயுளுக்கு அளிக்கப்பட்டது எவ்வளவு என்று ஐயப்பட இடமிருக்கிறது.

அவரது நடிப்பை மதிப்பிட இன்று நமக்கு இருக்கும் முதன்மையான சான்று 'தி ஜுவல் இன் த கிரவுன்'. ஆங்கிலேயருக்கு இணையான கல்வியும் தகுதியும் உடைய, ஆனால் அவர்களின் உலகத்துக்குள் முழுமையாக அனுமதிக்கப்படாத ஓர் இந்தியச் சீமாட்டி லேடி சாட்டர்ஜி. இந்த வேடத்தைக் கசப்பாகவோ பரிதாபமாகவோ நடிப்பது எளிது. ஜோஹ்ரா இரண்டையும் தவிர்க்கிறார். வீட்டின் உரிமையாளர் தான் என்ற நிமிர்வை உடலில் கொண்டுவருகிறார். சொல்லின் முனையில் மெல்லிய ஏளனத்தை வைக்கிறார். எதிரே இருப்பவர் பேசும்போது அசையாமல் கேட்கிறார். நடனக் கலைஞருக்குத்தான் அசையாமல் இருப்பதன் மதிப்பு தெரியும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படிப் பேசிப் பழகிய குரலை, ஒரு வரவேற்பறையின் அளவுக்குக் குறைத்துக்கொண்டது அவரது உண்மையான சாதனை. மேடையிலிருந்து திரைக்கு வந்த பலர் கடைசிவரை இதைக் கற்றுக்கொண்டதில்லை.

'பாஜி ஆன் த பீச்'சில் அவர் நடித்த புஷ்பா இன்னொரு சான்று. கடற்கரைச் சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் இளம்பெண்களை வேவு பார்த்துத் தீர்ப்பு வழங்கும் கடுகடுத்த பெண்மணி. இதில் கனிவுக்கு இடமே இல்லை. தன்மீதான ரசிகர்களின் அன்பைப் பயன்படுத்திக்கொள்ளாமல், அந்தக் கடுமையை அப்படியே அளிக்கிறார். பாட்டி என்றாலே அன்பு என்னும் வாய்பாட்டை அவரால் உடைக்க முடியும் என்பதற்கு இந்தப் பாத்திரம் ஆதாரம்.

பின்னாளைய இந்திப் படங்கள் அந்த ஆற்றலைக் கோரவில்லை. குறும்பான கண்சிமிட்டல், வெடுக்கென்ற ஒரு வசனம், பொக்கைச் சிரிப்பு ஆகியவை போதுமானவையாக இருந்தன. அவரும் அதையே அளித்தார். 'சீனி கம்' மட்டும் ஓரளவு விதிவிலக்கு. அறுபது கடந்த மகனை உடற்பயிற்சிக்கு விரட்டும் தாயாக அவர் வரும் காட்சிகளில் நகைச்சுவை வயதிலிருந்து வருவதில்லை. மகனைச் சிறுவனாகவே நினைக்கும் தாயின் பிடிவாதத்திலிருந்து வருகிறது. பிற படங்களில் பலவற்றில் அவர் தன்னையே திரும்ப நடித்தார் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கவிதை நிகழ்ச்சிகளைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம். அவற்றில் நினைவாற்றலும் உச்சரிப்பும் வியக்கவைத்தன, ஆனால் கவிதையின் அமைதியைவிட மேடையின் ஆரவாரம் சில இடங்களில் ஓங்கியிருந்தது.

இதற்கு அவரை மட்டும் குறைசொல்ல முடியாது. முப்பது வயதில் அவர் கதாநாயகிக்கு ஏற்ற அழகுடையவராகக் கருதப்படவில்லை. ஐம்பது வயதில் லண்டனில் இந்தியப் பெண்ணுக்குப் பணிப்பெண் அளவிலான வேடங்களே இருந்தன. எழுபதில்தான் ஒரு முழுமையான பாத்திரம் வந்தது. தொண்ணூறில் அவர் நாட்டின் பாட்டியானார். நடிகை ஒருவரின் ஆற்றல் முதிர்ந்து நிற்கும் நாற்பதிலிருந்து எழுபது வரையிலான ஆண்டுகளுக்கு நம்மிடமும் வேடமில்லை, அங்கும் வேடமில்லை. ஜோஹ்ராவுக்கு நூறாண்டு ஆயுள் இருந்ததால் அந்த இடைவெளியைக் கடந்து மறுபக்கம் வர முடிந்தது. அறுபதில் மறைந்திருந்தால் நாடக வரலாற்றின் அடிக்குறிப்புகளில் ஒரு பெயராக எஞ்சியிருப்பார். அவரளவு திறமையும் அவரளவு ஆயுள் வாய்க்காதவர்களுமான நடிகைகள் எத்தனை பேர் என்பது எந்த மொழியின் நாடக வரலாற்றுக்கும் பொருந்தும் கேள்வி.

ஜோஹ்ரா சேகலின் முதன்மை இடம் மூன்று நிலைகளில் அமைகிறது. ஐரோப்பிய நவீன நடனத்தையும் உதயசங்கரின் இந்திய நடனத்தையும் ஒரே உடலில் இணைத்த தொடக்ககாலக் கலைஞர். பிரித்வி தியேட்டர் என்னும் இயக்கத்தின் தூண்களில் ஒருவர். அதன் அன்றாட வாழ்க்கையைத் தன்வரலாற்றில் உள்ளிருந்து பதிவுசெய்தவர். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இந்தியப் பெண் பாத்திரத்துக்குக் கண்ணியத்தையும் கூர்மையையும் அளித்தவர். அவரை முதன்முறையாக அறிய விரும்பும் மாணவர்கள் பாட்டி வேடங்களிலிருந்து அல்ல, லேடி சாட்டர்ஜியிலிருந்து தொடங்குவது நல்லது.