கடல்மட்டத்துக் கால்களும் பத்தனைச் சரிவும்

கல்முனைப் பக்கம் நன்றாக ஓடுகிற எந்தப் பொடியனிடமும் மலைப் போட்டி என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கேட்பது ஏற்றத்தைப் பற்றித்தான். மூச்சு வாங்குமே, கால் இழுக்குமே என்பான். நியாயமான பயம்தான். சந்தாங்கேணி மைதானத்திலும் மருதமுனைக் கடற்கரையிலும் ஓடிப் பழகியவனுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டத்தரை. மேற்கே திரும்பினால் சம்மாந்துறை வட்டை, அதுவும் மட்டம். ஆனால் மரமில்லாத திறந்த மலையில் வரைபடத்தோடு ஓடும் ஓரியன்டீரிங் போட்டியில், கரையோரத்து ஓட்டக்காரர் ஏற்றத்தில் இழப்பது கொஞ்ச நேரம்தான். இறக்கத்தில் அதைவிடக் கூட இழப்பார். எல்லாவற்றையும்விடக் கூட இழப்பது, 'எல்லாம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே' என்ற தைரியத்தில்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு வரைபடம், ஒரு கொம்பாஸ். வரைபடம் உங்கள் கைக்கு வருவதே புறப்படும் நேரத்தில்தான். அதில் வட்டமிட்ட இடங்களில் செம்மஞ்சளும் வெள்ளையுமான கொடிகள் நிற்கும். பக்கத்துக்கு 30 சென்ரிமீற்றர் அளவு, பெரிதொன்றுமில்லை. இந்தக் கொன்ட்ரோல்களை வரிசைப்படி தொட்டு, விரலில் மாட்டிய சிப்பில் பதிந்துகொண்டு முடிவிடத்துக்கு வரவேண்டும். எந்த வழியால் போவது என்பது உங்கள் முடிவு. 1897 இல் நோர்வேயில், ஒஸ்லோவுக்கு அருகே, பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. சர்வதேச சம்மேளனம் 1961 இல் உருவானது, முதல் உலகச் சம்பியன்ஷிப் 1966 இல் பின்லாந்தில். நம் நாட்டில் வரைபட வாசிப்பைச் சாரணரும் கடேற் பிள்ளைகளும் இராணுவத்தினரும் பழகுகிறார்கள். அதை ஓட்டத்தோடு சேர்ப்பதுதான் இங்கே புதிது.

நமக்கு ஆகக் கிட்டிய திறந்த மலை ஊவாப் பக்கம்தான். மகாஓயா, பிபிலை தாண்டிப் பதுளை ஏறி, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை என்று போனால் பத்தனைப் புல்வெளிச் சரிவுகள் தொடங்கும். ஹோர்ட்டன் சமவெளிதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் அது 1988 முதல் தேசிய பூங்கா, பாதையை விட்டு இறங்கி ஓட அங்கே இடமில்லை. தேயிலை மலையென்றால் தோட்டத்தில் அனுமதி எடுக்கவேண்டும், செடிவரிசைக்குள் கால்வைக்கக் கூடாது. மானாப்புல் மூடிய பத்தனைச் சரிவுதான் இந்த விளையாட்டுக்கு ஏற்றது.

ஏற்றத்தை முதலில் கணக்காகப் பார்ப்போம், ஏனென்றால் அது கணக்குத்தான். ஓரியன்டீரிங் வரைபடம் பெரும்பாலும் 1:15,000 அல்லது 1:10,000 அளவில் இருக்கும். சமவுயரக் கோடுகளுக்கு இடையே வழக்கமாக 5 மீற்றர். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892 இல் மலைநடைக்கு ஒரு விதி சொன்னார். மெட்ரிக் அளவில் அதை 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி, 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று சொல்வார்கள். அதாவது ஒரு மீற்றர் ஏறுவது மட்டத்தில் எட்டு மீற்றருக்குச் சற்றுக் கூடப் போவதற்குச் சமம். மலை ஓட்டக்காரர்களும் இந்த எட்டுக்கு ஒன்றைத்தான் தோராயமாகக் கையாளுகிறார்கள்.

இரண்டு கொன்ட்ரோல்களுக்கு இடையே நேர்கோட்டில் 1200 மீற்றர் என்று வையுங்கள். நடுவில் ஒரு மேடு. கோடுகளை எண்ணினால் பதினாறு, அதாவது 80 மீற்றர் ஏற்றம். மட்டக் கணக்கில் அது ஏறத்தாழ 650 மீற்றர். மொத்தம் 1850. மேட்டைச் சுற்றிச் சரிவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனால் 1700 மீற்றர். அப்போது சுற்றுவழிதான் இலாபம். மேடு பாதி உயரமாக, எட்டுக் கோடுகளாக மட்டும் இருந்தால் கணக்கு மாறிவிடும், நேராக ஏறிவிடலாம். ஓடிக்கொண்டே இதைப் போட நாலைந்து விநாடிதான் கிடைக்கும். கால் ஓடும்போது கையில் கோடு எண்ணும் இந்தப் பழக்கத்தைக் கல்முனையில் இருந்துகொண்டே பழகலாம், ஒரு மலையும் தேவையில்லை. பழைய போட்டி வரைபடங்கள் இணையத்தில் ஏராளம். அச்சடித்து, கடற்கரையில் ஓடும்போது ஒவ்வொரு கட்டமாக வழி தெரிவு செய்து பாருங்கள். இதைச் செய்யாமல் ஊருக்குள் பத்துக் கிலோமீற்றர் கூடுதலாக ஓடுவதில் பெரிய பிரயோசனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வரைபடத்தின் நிறத்தையும் சொல்லவேண்டும். புதியவர்கள் வெள்ளையைப் பார்த்தால் வெட்டவெளி என்று நினைப்பார்கள். ஓரியன்டீரிங்கில் வெள்ளை என்பது தடையின்றி ஓடக்கூடிய காடு. மஞ்சள்தான் திறந்தவெளி. பச்சை தடிக்கத் தடிக்கப் பற்றை அடர்த்தி கூடும். பத்தனைச் சரிவின் வரைபடத்தில் மஞ்சளும் அதன்மேல் கபிலநிறக் கோடுகளும்தான் நிறைந்திருக்கும். பிடித்துக்கொண்டு போக வேலியில்லை, வீதியில்லை. நிலத்தின் வடிவத்தை வாசிக்கத் தெரிந்தவனுக்கே அங்கே வேலை. எங்கே சரிவு உள்வாங்கி மடிகிறது, எங்கே மூக்குப்போல் வெளியே நீள்கிறது, இரண்டு மேட்டுக்கு நடுவே எங்கே தாழ்கிறது என்று பார்க்கத் தெரியவேண்டும். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. இவ்வளவும் பத்தாம் வகுப்புப் புவியியலிலேயே படித்ததுதான்.

இனிக் கண் செய்யும் துரோகம். திறந்த மலையில் காற்று தெளிவு. அளவு பார்க்க மரமுமில்லை, வீடுமில்லை. எதிர்ச் சரிவு கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றும். நடுவில் கிடக்கும் பள்ளத்தை முன்னாலுள்ள மேடு மறைத்துவிடும். அந்தா தெரிகிறதே என்று நேராக இறங்குகிறவர், வரைபடத்தில் நன்றாகவே போட்டிருந்த ஒரு பள்ளத்துக்குள் விழுந்து ஏறுவார். அடுத்த வலை, மற்ற ஓட்டக்காரர்கள். காட்டில் ஒருவரையொருவர் அதிகம் காணமாட்டோம், திறந்த மலையில் அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் ஓடுகிறவரும் தெரிவார். அவர் பின்னால் கால் தானாகவே திரும்பும். அவருடைய வகுப்பு வேறாக இருக்கலாம், அவர் தேடும் கொடியும் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு கொடிக்கும் இலக்கம் இருப்பது இதற்காகத்தான். வரைபடத்தில் தந்த இலக்கத்தோடு ஒத்துப்பார்க்காமல் சிப்பைப் பதிந்தவர்கள், போட்டி முழுவதும் ஓடி முடித்துவிட்டுத் தகுதியிழந்து நிற்பார்கள்.

நமக்கு ஒரு சாதகம் உண்டு. ஜிபிஎஸ் வருவதற்கு முன் நம் கடலோடிகள் கரையில் ஒரு மினாராவையும் அதற்குப் பின்னால் தூரத்தில் நிற்கும் மலையையும் ஒரே நேரில் வரவைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டை நேர்ப்படுத்தி, மீன்படும் இடத்தைப் பிடித்தார்கள். மலையில் செய்வதும் அதேதான், அங்கே நேர்ப்படுத்துவது ஒரு பாறையையும் ஒரு மேட்டு உச்சியையும். இதைச் சொல்லிக் கொடுக்க நோர்வேயிலிருந்து ஆள் வரத் தேவையில்லை.

மூடுபனி வந்தால் இந்தப் பார்வையெல்லாம் போய்விடும். மலைநாட்டில் அது சில நிமிடங்களில் வரும். அப்போது கையிலுள்ள கொம்பாஸும் காலடி எண்ணிக்கையும்தான் துணை. நூறு மீற்றருக்கு உங்கள் வலக்கால் எத்தனை தடவை விழுகிறது என்று மணலில் எண்ணி வைத்திருங்கள், மேட்டில் அது கூடும், இறக்கத்தில் குறையும். கொம்பாஸ் வாங்குவதிலும் ஒரு கவனம் வேண்டும். பூமியின் காந்தப்புலம் வட ஐரோப்பாவில் ஊசியைக் கீழ்நோக்கி இழுக்கும், அதைச் சமன்செய்ய அங்கே விற்கும் ஊசியில் எடை சேர்த்திருப்பார்கள். காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கும் நம் நாட்டில் அதே ஊசி ஒரு பக்கம் சாய்ந்து உராயும். வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்கள், மத்தியகோட்டு வலயத்துக்கானதா என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஓரியன்டீரிங் வரைபடம் காந்த வடக்குக்கே வரையப்படுவதால் பாகைத் திருத்தம் செய்யும் வேலை இல்லை.

அடுத்தது இறக்கம். ஏறும்போது வேலை நெஞ்சுக்கு, இறங்கும்போது தொடைக்கு. இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கவேண்டும். பழகாத தசையில் அது நுண்ணிய சேதம் உண்டாக்கும். நோவு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். இரண்டு நாள் போட்டியில் முதல்நாள் கம்பீரமாக ஓடிய கரையோரத்தார் இரண்டாம் நாள் படியிறங்கத் தடுமாறுவது இதனால்தான். நல்ல செய்தி, ஒருமுறை இந்த அடியை வாங்கிய தசை அடுத்தமுறை நன்றாகத் தாங்கும், அந்தப் பலன் சில வாரம் நிற்கும். ஆகவே போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒருதடவை மலைக்குப் போய் இறங்கி ஓடி வந்துவிடவேண்டும். அது முடியாதவர்களுக்கு மாடிப்படி இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடத்தில் வேகமாக இறங்கி, மெதுவாக ஏறுங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். இங்கினியாகலை அணைப்பக்கம் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். விடியற்காலையில் அந்தக் காட்டோரத்தில் யானை நிற்கும், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உயரமும் குளிரும் சேர்ந்தே வரும். 2000 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொன்று குறைவு. அப்புத்தளை, பண்டாரவளை உயரத்தில் அவ்வளவு இல்லை, ஆனாலும் முதல் கிலோமீற்றரிலேயே தெரியும். நூறு மீற்றர் ஏற ஏற வெப்பம் ஏறத்தாழ 0.65 பாகை குறையும், காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடம்பு அதைவிடக் குளிரும். 2021 மே 22 இல் சீனாவின் கன்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீற்றர் மலை ஓட்டத்தில் திடீர் மழையும் காற்றும் அடித்து 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். நம் மலையில் அந்தளவு குளிர் இல்லை என்பது ஆறுதல். ஆனாலும் காற்றுப்புகாத மெல்லிய மேலங்கியும் ஒரு விசிலும் இடுப்புப் பையில் இல்லாதவரைத் தொடக்கக்கோட்டிலேயே திருப்பி அனுப்பவேண்டும் என்பது என் கட்சி.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூன், ஜூலையில் நமக்கு வீசும் கச்சான், தென்மேற்கு மழையை மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் காய்ந்து இறங்குகிற காற்று. ஊவாச் சரிவைக் கடந்துதான் அது நம்மிடம் வருகிறது. அந்த மாதங்களில் பத்தனை காய்ந்து கிடக்கும், நிலம் உறுதி, பார்வை நன்று, ஆனால் புல்லில் தீப்பிடிக்கும் காலமும் அதுதான். ஐப்பசி மழை தொடங்கினால் சரிவு வழுக்கும், அட்டையும் வரும்.

நோன்பு மாதம் இடையில் வந்தால் திட்டத்தை நிறுத்தத் தேவையில்லை, மாற்றினால் போதும். இறக்கப் பயிற்சியை அந்த மாதத்துக்கு முன்பே முடித்துவிடலாம். நோன்பு துறந்து, தராவீஹ் முடிந்தபின் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதுச் சந்துகளில் வரைபட ஓட்டம் பழகலாம். அத்தனை நெருக்கமான சந்துகள் நகர ஓரியன்டீரிங்குக்கு அருமையான களம். உலகச் சம்பியன்ஷிப்பே இப்போது ஒரு வருடம் காட்டிலும் அடுத்த வருடம் நகர வீதிகளிலுமாக மாறிமாறி நடக்கிறது.

பிள்ளைகளின் உடையைப் பற்றி இரண்டு வரி. மற்ற ஓட்டங்களில் முழுக்கால், முழுக்கை உடுப்பு என்று பேச்சு வந்தாலே வாக்குவாதம். இங்கே பல நாட்டுப் போட்டிகளில் முழங்கால் மூடிய உடையை ஏற்பாட்டாளர்களே கட்டாயமாக்குவார்கள், முள்ளும் புல்லும் கீறாதிருக்க. மானாப்புல்லின் விளிம்பு எப்படி அறுக்கும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் பாடசாலைப் பெண்பிள்ளைகள் உடை மாற்றாமலே இறங்கக்கூடிய ஒரு தடகளம் இது.

குறை எங்கே என்றால் வரைபடத்தில்தான். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் ஒரு சென்ரிமீற்றர் அரைக் கிலோமீற்றர். வழி காட்டப் போதும், ஒரு பாறைக்குப் பின்னால் நிற்கும் கொடியைத் தேட அது போதாது. ஓரியன்டீரிங் வரைபடத்தை நிலத்தில் நடந்து நடந்துதான் வரையவேண்டும், வரையும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் புவியியல் மாணவர்கள் ஒரு விடுமுறைக்கு இரண்டு சதுர கிலோமீற்றர் பத்தனையை எடுத்தாலே ஒரு போட்டிக்குப் போதும்.

போட்டியன்று முதல் கொன்ட்ரோலுக்கு மட்டும் மெதுவாகப் போங்கள். அளவு கண்ணில் ஏறுவதற்கு முன் ஓடுகிறவர்கள் அங்கேயே பிழைவிடுவார்கள். வரைபடத்தை மடித்து, நிற்கும் இடத்தில் பெருவிரலை வைத்து, வடக்குக்குத் திருப்பிப் பிடியுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் விரல் நகரவேண்டும். முடித்தபின் கட்டம் கட்டமாக நேரம் அச்சடித்துத் தருவார்கள். அதில் எந்தக் கட்டத்தில் மற்றவர்களைவிட நிமிடங்கள் கூடியிருக்கின்றன என்று பாருங்கள். அந்தக் கட்டத்தின் சமவுயரக் கோடுகளையும் எண்ணிப் பாருங்கள். நேரம் கூடிய இடத்தில் கோடுகள் குறைவாக இருந்தால், அடுத்த மாதம் மாடிப்படியைக் குறைத்து வரைபடத்தைக் கூட்டுங்கள்.