எப்போதாவது ஓடும் வரி

ஓர் அணியில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை, புரோகிராமிங் படிக்கிற எல்லோரும் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். முதல் எண்ணை ‘மேக்ஸ்’ என்று வைத்துக்கொள். இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார். மேக்ஸைவிடப் பெரிதென்றால் மேக்ஸை மாற்று. விடை வந்ததும் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறோம். அங்கேயே சற்று நிற்கலாம்.

முதல் வரியே நுட்பமானது. மேக்ஸைப் பூஜ்யத்தில் தொடங்கினால், எல்லாம் மைனஸ் எண்களாக உள்ள அணியில், அங்கே இல்லவே இல்லாத பூஜ்யம் விடையாக வந்து நிற்கும். அணியின் முதல் எண்ணில் தொடங்கினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எந்தச் சுற்றில் நிறுத்திப் பார்த்தாலும், அதுவரை பார்த்தவற்றில் பெரியது மேக்ஸில் இருக்கும்.

ஆயிரம் எண்களுக்கு 999 ஒப்பீடுகள். இதைக் குறைக்க யாராலும் முடியாது. பெரிய எண்ணைத் தவிர மற்ற 999 எண்களும் ஒருமுறையாவது தோற்றாக வேண்டும். ஓர் ஒப்பீட்டில் தோற்பது ஒன்றுதான். இதற்குமேல் சிக்கனம் இல்லை என்று இவ்வளவு சுருக்கமாக நிரூபிக்க முடிகிற நிரல்கள் மிகச் சிலவே.

என்னை மயக்குவது மேக்ஸை மாற்றும் கடைசி வரி. டொனால்ட் கனூத் 1968-இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ முதல் தொகுதியில், ஒரு வழிமுறையை எப்படி அலசுவது என்று காட்ட இதையே எடுத்துக்கொண்டார். அவர் கடைசி எண்ணில் தொடங்கி முதல் எண்ணை நோக்கி வருவார்; கணக்கு ஒன்றுதான். ஒப்பீடுகளைச் சட்டென்று கடந்துவிட்டு, மேக்ஸ் எத்தனை முறை மாறும் என்ற கேள்வியில் பக்கம் பக்கமாகத் தங்குகிறார். எண்கள் வெவ்வேறாகவும் கலைந்தும் கிடந்தால், பத்தாவதாகப் பார்க்கும் எண் அதுவரை கண்ட பத்தில் பெரியதாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. நூறாவதற்கு நூறில் ஒன்று. ஆக, சராசரி என்பது 1/2 + 1/3 + 1/4 என்று நீளும் கூட்டுத்தொகை. அது எவ்வளவு மெதுவாக வளர்கிறது, பாருங்கள்: ஆயிரம் எண்களில் மேக்ஸ் ஏறத்தாழ ஆறரை முறை மாறுகிறது, பத்து லட்சம் எண்களிலோ 13 முறை சொச்சம்தான்!

ஏறுவரிசையில் அடுக்கிக் கொடுத்தால் அந்த வரி ஒவ்வொரு சுற்றிலும் ஓடும். இறங்குவரிசையில் ஒருமுறைகூட ஓடாது. கலைந்த அணிதான் அழகு. இன்றைய பிராசசர்கள் ‘பெரிதென்றால்’ போன்ற ‘இஃப்’ நிபந்தனைகளின் விடையை முன்கூட்டியே ஊகித்து ஓடுபவை. ‘பெரிதில்லை’ என்றே ஊகித்துக்கொண்டு போகும் பிராசசருக்கு, பத்து லட்சம் எண்களில் அந்த ஊகம் பொய்ப்பது சராசரியாக அந்தப் பதின்மூன்று சொச்சம் இடங்களில் மட்டுமே.