பதினேழுக்கும் எழுபதுக்கும் நடுவே

‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த மாணவி’ என்ற தலைப்பை நாம் எல்லோரும் ஒருமுறையாவது வாசித்திருக்கிறோம். ஊரும் பெயரும்தான் மாறும். படத்தில் கழுத்தில் பதக்கத்தோடு ஒரு பெண், பக்கத்தில் அப்பா, அம்மா. மறுநாள் அந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்தத் தலைப்பை நாம் உள்ளூர நம்பவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. நம்பாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு கைதட்டுகிறோம்?

2011ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். கூகுள் நிறுவனம் முதன்முறையாக உலக அளவில் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் போட்டி நடத்திய ஆண்டு அது. மூன்று வயதுப் பிரிவுகள். மூன்றிலும் வென்றவர்கள் பெண்கள். ஒட்டுமொத்தப் பரிசு ஸ்ரீ போஸ் என்ற 17 வயது மாணவிக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரில் வளர்ந்தவர், இந்திய வம்சாவளி. சினைப்பைப் புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சில காலத்துக்குப் பிறகு வேலை செய்யாமல் போய்விடுகிறது. புற்று செல்கள் அதற்குப் பழகித் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன. அது ஏன் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. செல்லுக்குள் ஆற்றலின் வரவுசெலவைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே என்ற புரதத்தை அவர் கவனித்தார். ஏற்கெனவே மருந்துக்குப் பழகிவிட்ட செல்களில் அந்தப் புரதத்தைத் தடுத்தால் சிஸ்பிளாட்டின் மறுபடி வேலை செய்தது. இன்னும் பழகாத செல்களில் அதையே தடுத்தபோது மருந்தின் வீரியம் குறைந்தது. அதாவது, ஒரே செயல் ஒரு கட்டத்தில் உதவியாகவும் இன்னொரு கட்டத்தில் தடையாகவும் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது பாதிதான். தலைப்பில் ஒருநாளும் இடம்பெறாத பாதியும் அதுவே. ‘எப்போது தடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது’ என்று ஒரு பதினேழு வயதுப் பெண் நிதானமாகச் சொல்கிறாள். செய்தித்தாளுக்கோ ‘எப்போது’ வேண்டாம், ‘கண்டுபிடித்தாள்’ போதும். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் கிடைத்த முடிவு நோயாளியின் உடலுக்கு வந்து சேர எத்தனையோ ஆண்டுகள் ஆகும், பெரும்பாலானவை வந்தே சேர்வதில்லை. இதை ஆய்வு செய்த பெண்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய அடக்கத்தைப் புகழ்ந்துவிட்டு, சொன்னதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

அதே 2011இல் கலிஃபோர்னியாவின் ஏஞ்சலா ஜாங், அவருக்கும் 17 வயது, சீமென்ஸ் போட்டியில் ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றார். மருந்தைப் புற்றுக்கட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் நானோ துகள் ஒன்றை வடிவமைத்திருந்தார். கட்டி எங்கே இருக்கிறது என்று படமெடுக்கவும் அதே துகள் உதவும். எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, இந்தப் பெண் புற்றுநோயையே குணப்படுத்திவிட்டாளா என்ற கேள்வியோடு செய்தி வெளியிட்டது. அந்தச் செய்தி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? இவள் காலணிகள் மீது ஆசை கொண்டவள், இப்போதுதான் கார் ஓட்டப் பழகுகிறாள் என்று. நானோ துகள் பிறகுதான் வருகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கட்டிப்பிடித்துப் படித்த ஒரு மூளையை முதலில் செருப்புக்குள் இறக்கி, ‘பயப்படாதீர்கள், இவளும் சாதாரணப் பெண்தான்’ என்று பார்வையாளருக்கு உறுதி சொல்லியாக வேண்டியிருக்கிறது. நம் ஊரில் இதே வேலையைச் ‘சமையலிலும் அம்மாவுக்கு உதவுவார்’ என்ற வாக்கியம் செய்யும்.

கைதட்டல் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் முணுமுணுப்பு. ‘யார் செய்து கொடுத்தார்களோ?’ ‘பல்கலைக்கழக ஆய்வகம் கிடைத்தால் யார்தான் செய்ய மாட்டார்கள்?’ இப்படிச் சொல்பவர்கள் ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதைப் போல் சொல்வார்கள். ஆனால் அறிவியல் என்றைக்கு ஒருவர் தனியே செய்யும் வேலையாக இருந்தது?

எங்கள் கடற்கரையில் இதைப் புரிந்துகொள்ளத் தொலைவு போக வேண்டியதில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு பிறந்த எங்களுக்கு அது பெரியவர்கள் சொன்ன கதை மட்டும்தான். மூழ்குபவர் இடுப்பில் கயிறு இருக்கும். மறுமுனையைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். கீழிருந்து சொடுக்கியதும் தூக்க வேண்டும், ஒரு கணம் தவறினாலும் உயிர் போய்விடும். கயிறு பிடித்த ஆள் இருந்ததால், மூழ்கியவர் சிப்பி எடுக்கவில்லை என்று எவரும் சொன்னதில்லை. முத்தை எடுத்தவர் பெயரைச் சொல்லும்போது கயிறு பிடித்தவரை மறைத்ததும் இல்லை. மைத்துனரைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்பது இங்கே வழங்கும் சொல். தன் தங்கை தாலியறுக்கக் கூடாது என்பதால் அவன் கவனமாகப் பிடிப்பானாம். (அந்தக் கதையில் பெண் கடலுக்குள் வரவே இல்லை. ஆண்கள் இருவருக்கும் நடுவே கயிற்றுக்குப் பிணையாகக் கரையில் நிற்கிறாள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

ஸ்ரீ போஸ் விஷயத்தில் கயிறு பிடித்தவர் யார்? பள்ளி மாணவியை ஆய்வகத்துக்குள் விட முடியாது என்று பல இடங்களில் மறுத்த பிறகு, சேர்த்துக்கொண்டவர் வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் மையத்தின் பேராசிரியர் அலகனந்தா பாசு. புற்று செல்கள் சிஸ்பிளாட்டினுக்குப் பழகிப்போவதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். பெண். இந்தியப் பெயர் கொண்ட பெண். இந்திய வம்சாவளிச் சிறுமியின் வெற்றியை நம் வெற்றியாகக் கொண்டாடிய நாம், அதே கொண்டாட்டத்தில் அலகனந்தா பாசுவின் பெயரை எத்தனை முறை சொன்னோம்? என் மாணவிகளிடம் கேட்டுப் பார்த்தேன். சிலர் ஸ்ரீ போஸைக் கேள்விப்பட்டிருந்தார்கள். பாசுவை ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. ‘யார் செய்து கொடுத்தார்களோ’ என்று ஐயப்படுபவர்களும் அந்த ‘யார்’ ஓர் ஆண் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

பதினேழு வயது மேதை நமக்குப் பிரச்சினை இல்லை. நாற்பது, ஐம்பது வயதில், தோற்றுப்போன சோதனைகளோடும் நிதி விண்ணப்பங்களோடும் தினமும் வேலைக்குப் போகும் பெண் விஞ்ஞானியைத்தான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இது எனக்குப் பழைய கணக்காகத் தோன்றுகிறது. ஆண்டாளை இளம் வயதிலேயே அரங்கனோடு கலக்க வைத்துக் கதையை முடித்தோம். ஔவையோ, திருமணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் வேண்டி இளமையிலிருந்து நேரே கிழவியானாள் என்று கதை கட்டினோம். காரைக்காலம்மையார் அழகை உதறிப் பேயுருக் கொண்ட பிறகுதான் பாடல்களோடு நிற்க முடிந்தது. அறிவுள்ள பெண் ஒன்று சிறுமியாக இருக்க வேண்டும், அல்லது உடலைக் கடந்தவளாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் வயதில், ஆசையும் கோபமும் மாதவிடாயும் சம்பளமும் உள்ள வயதில், அவளுக்கு இடம் வைக்கவில்லை.

புற்றுநோய்க்கே திரும்புகிறேன். அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அரசிடம் உதவி கேட்டுப் போனபோது, ‘புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு மருத்துவமனை’ என்கிற தோரணையில் பதில் வந்ததை மருத்துவர் வி. சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1955இல் அங்கே சேர்ந்த சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகள் ‘அன்னை’ என்றன, ‘சேவைக்காகத் திருமணத்தைத் துறந்தவர்’ என்றன. அந்தச் சொற்களில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர் வளர்த்த புற்றுநோய்ப் பதிவேடு, குழந்தைகளுக்கான புற்றுநோய்ச் சிகிச்சை, கிராமத்துப் பெண்களுக்கான கருப்பைவாய்ப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிப் படிக்க நான் தேடிப் போக வேண்டியிருந்தது. பதினேழில் கண்டுபிடிப்பாளி, தொண்ணூறில் அன்னை. நடுவே அறுபது ஆண்டுகள் என்ன செய்தார் என்பது யாருக்கும் செய்தியில்லை.

ஆண் பிள்ளைகளுக்கும் இந்தக் கூத்து நடக்கிறது என்பீர்கள். நடக்கிறது. 2012இல் ஜாக் ஆண்ட்ராகா என்ற 15 வயதுப் பையன் கணையப் புற்றுநோயைக் கண்டறியும் காகிதப் பட்டை ஒன்றுக்காக இன்டெல் கண்காட்சியின் மிகப் பெரிய பரிசைப் பெற்றான். 200 பேருக்கு எழுதி 199 மறுப்புகளைப் பெற்ற கதையை உலக மேடைகளில் சொன்னான். அவன் சொன்ன துல்லியத்தையும் வேகத்தையும் குறித்து விஞ்ஞானிகள் பின்னர் கேள்விகள் எழுப்பினார்கள். அந்த 199 மறுப்புகள் அவனுக்குக் கலகக்காரன் என்ற பெயரைக் கொடுத்தன. ஸ்ரீ போஸுக்கும் மறுப்புகள் வந்தன, ஆனால் அவளுக்குக் கிடைத்த பெயர் ‘விடாமுயற்சியுள்ள நல்ல பிள்ளை’. இரண்டு பெயர்களுக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பொதுத் தமிழ் வகுப்பில் இதைப் பேசியபோது விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “நாங்க மெயில் போட்டா யாரு மேடம் பதில் போடுவாங்க?” அவள் அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறார். கேள்வியில் கசப்பு இல்லை, விவரம் கேட்கிற குரல்தான். மேதையைக் கொண்டாடும்போது நாம் சௌகரியமாக மறப்பது இதைத்தான். மேதை என்பவள் தானாக முளைத்தவள் என்றால், மற்ற பெண்களுக்கு ஆய்வகம் ஏன் இல்லை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த ஊரில் புற்றுநோய் என்ற சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. தாமிர உருக்காலையின் புகையும் கழிவும் நோய் கொண்டுவருகின்றன, புற்றுநோயும் அதில் அடக்கம் என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் சொன்னார்கள். நிறுவனம் மறுத்தது. எந்தத் தெருவில் எத்தனை பேர், எந்த வயதில், எந்த நோயில் என்று கணக்கெடுத்தால்தான் தீர்க்க முடியும் கேள்வி அது. மூலத்தில் அது ஓர் ஆராய்ச்சிக் கேள்வி. 2018 மே 22 அன்று, போராட்டத்தின் நூறாவது நாளில், அந்தக் கேள்வியோடு ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் இறந்தார்கள். அவர்களில் மிக இளையவர் ஸ்னோலின். அவருக்கும் 17 வயது.

காவல்துறை எல்லை மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் அறிக்கை தந்தது. ஆனால் அந்த நாட்களில் நம் காதில் அதிகம் விழுந்தது ‘சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்’ என்ற பேச்சு. ஒரு பதினேழு வயதுப் பெண் புற்றுநோயைப் பற்றிக் கேட்கும்போது, தட்டில் வளரும் செல்லைக் காட்டிக் கேட்டால் பதக்கம். தன் ஊரைக் காட்டிக் கேட்டால் அவள் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று விசாரணை. ‘யார் செய்து கொடுத்தார்கள்’, ‘யார் தூண்டிவிட்டார்கள்’ இரண்டும் ஒரே இலக்கண அமைப்பு. இரண்டிலும் பெண் எழுவாய் ஆவதில்லை.

அந்த வகுப்பில் மீதி நேரம், இங்கே அப்படியொரு கணக்கெடுப்பு நடத்த என்னவெல்லாம் வேண்டும் என்று பட்டியல் போட்டோம். பெயர், வயது, தெரு, எத்தனை ஆண்டு அந்த வீட்டில் இருந்தார்கள், என்ன வேலை, எந்த மருத்துவமனை. கடற்கரைத் தெருவிலிருந்து வரும் ஒருத்தி சொன்னாள்: “எங்க கோயில்ல இறந்தவங்க ரெஜிஸ்டர் இருக்கு மேடம். ஃபாதர்ட்ட கேட்டா பாக்க விடுவாங்க.” அடுத்த வாரம் மூன்று பேர் போனார்கள். இருபது ஆண்டுகளுக்கான பெயர்களைப் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். பெயர் இருந்தது, வயது இருந்தது, அடக்கம் செய்த தேதி இருந்தது. என்ன நோய் என்பது இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த பிறகு, வீடு வீடாகப் போய் அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதுகிறார்கள்.