எடைக்கல்லும் கையெழுத்தும்

மும்பையில் பழைய பங்களா ஒன்று காலியாகும்போது, வரவேற்பறை மூலையில் நின்ற பிரெஞ்சுப் பெண் சிலைக்கு இரண்டு போக்கிடங்கள் உண்டு. ஒன்று பழம்பொருள் விற்கும் சோர் பஜாரின் மட்டன் தெரு. மற்றது தாராவியின் பங்கார் கடை, அதாவது பழைய உலோகக் கடை. இரண்டு இடத்திலும் அதை மதிப்பிடுவார்கள். இரண்டு மதிப்பீடும் பாதி சரி.

அந்தப் பெண் யார் என்பதை இரு இடத்திலும் யாரும் அதிகம் கேட்பதில்லை. கையில் இருக்கும் ஆயுதத்தைப் பார்த்துச் சாமியின் பெயர் சொல்லும் நமக்கு இது கடினமான வேலை அல்ல. சுத்தியலும் பற்சக்கரமும் இருந்தால் தொழில், கதிர்க்கட்டும் அரிவாளும் இருந்தால் வேளாண்மை, நங்கூரம் நம்பிக்கை, எக்காளம் புகழ். ஜோடியாகச் செய்தவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தால் விலை இறங்கும். ஆகவே யார் என்று தெரிந்துகொள்வது வெறும் ரசனை விஷயமல்ல.

பங்கார்க்காரரின் சோதனையை ஏளனம் செய்பவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். சிலையைக் கவிழ்த்து, கண்ணில் படாத இடத்தில் லேசாகச் சுரண்டுவார். மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மின்னினால் வெண்கலம் அல்லது பித்தளை. சாம்பல் வெள்ளையாக இருந்தால் ஜஸ்தா, அதாவது துத்தநாகம். விரலால் தட்டினால் வெண்கலம் ஒலிக்கும், துத்தநாகம் மழுங்கலாக முனகும். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகும். வெண்கலத்துக்குக் கிட்டத்தட்ட 950 வேண்டும். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பட்டறைகள் நடுத்தர வீடுகளுக்காகத் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே வெண்கல நிறம் பூசி விற்றன. ‘வெண்கலம்’ என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல இந்த வகைதான். உலோகம் எது என்ற இந்த ஒரு கேள்விக்கு, அழகான அட்டவணைப் புத்தகம் வைத்திருக்கும் ஆளைவிடப் பங்கார்க்காரரை நம்புவேன்.

சிக்கல் என்னவென்றால் அவர் அங்கேயே நின்றுவிடுகிறார். உலோகம் தெரிந்ததும் கிலோ விலை வந்துவிடும். நேர்த்தியாக வார்த்த துத்தநாகச் சிலையும் உடைந்த குழாயும் அவர் தராசில் ஒன்றே.

மட்டன் தெரு கடைக்காரர் நேரெதிர். அடிப்பீடத்தில் ‘மோரோ’ என்ற பெயரைக் கண்டதும் உலோகத்தை மறந்துவிடுவார். மாத்யூரின் மோரோ (1822–1912), தம்பிகள் இப்போலித், ஒகுஸ்த் என்று ஒரு குடும்பமே சிலை வடித்தது. எந்த மோரோ என்பதிலேயே விலை மாறும். அதைவிட முக்கியமானது ஒன்று: கையெழுத்து வார்ப்பிலேயே இருக்கிறது. அந்த அச்சிலிருந்து எத்தனை பிரதி வந்தாலும், பிரதியிலிருந்து போன மாதம் எடுத்த பிரதியானாலும், அதே பெயர் அதே இடத்தில் இருக்கும். அது வடிவம் யாருடையது என்று சொல்லும். எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்று சொல்லாது.

இங்கே நம் பழக்கமும் இடறுகிறது. சுவாமிமலையில் மெழுகு உருகி ஓடும், மண்ணச்சு உடையும். அந்த அச்சுக்கு ஒரே சிலை. அந்த நினைப்போடு வருபவர் “இது ஒரிஜினலா?” என்று கேட்கிறார். பிரெஞ்சு வழக்கம் வேறு. அஷீல் கொலாஸ் 1836இல் சிலைகளை அளவு குறைத்துப் படியெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1838இல் பெர்தினான் பார்பெதியெனுடன் சேர்ந்து தொழில் தொடங்கினார். பல பிரதிகள் எடுத்து விற்பதே அங்கே திட்டம். ஆகவே கேட்க வேண்டியது, இது எத்தனையாவது தலைமுறை வார்ப்பு என்பது. வெண்கலம் ஆறும்போது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். பழைய சிலையிலிருந்தே அச்செடுத்தால் உயரம் குறையும், விரல் நுனியும் கூந்தல் இழையும் மழுங்கும். ஒரு டேப்பும், நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிரதியின் அளவும் போதும். சுரண்டுவதும் பெயர் படிப்பதும் நடக்கிற அளவுக்கு இது நடப்பதில்லை. பிரான்ஸில் 1981ஆம் ஆண்டு ஆணைப்படி நகல்களில் ‘நகல்’ என்று பொறிக்க வேண்டும். அரம் இருந்தால் அதைத் தேய்த்துவிடலாம்.

இரு இடத்துக்கும் பொதுவான கோளாறு இன்னும் பெரியது: மதிப்பிடுபவரே வாங்குபவர். குறைத்துச் சொல்வதில் அவருக்கு லாபம். வெளியார் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து மதிப்பிட்டாலும், அவர் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் பாரிஸ், நியூயார்க் ஏல விலைகளைத்தான். ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பத்தைத் தொல்பொருள் என்கிறது. அது இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. பாரிஸுக்குப் போக முடியாத சிலைக்குப் பாரிஸ் விலை எப்படிப் பொருந்தும்?

மும்பை மாதுங்காவின் ஆர்ட் டெகோ கட்டடங்கள் பல 1930களைச் சேர்ந்தவை. அந்தக் காலத்து வீடுகளில் நிற்கும் நடன மங்கைச் சிலைகள் இன்னும் சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நூறைத் தொடும். பழசு என்று சொன்னால்தான் விலை ஏறும் என்பதால் வியாபாரிகள் இதுவரை வயதைக் கூட்டிச் சொன்னார்கள். வெளிநாட்டில் வாங்குபவர் கிடைத்துவிட்டால் அதே சிலைக்கு வயதைக் குறைக்கத் தோன்றும்.