பரிந்துரையும் சான்றும்: க.நா.சு.வின் நூல் மதிப்பீட்டு முறையில் நேர்ந்த மாற்றங்கள்

1. முன்னுரை

ஒரு மொழியில் அச்சு நூல்கள் பெருகும்போது எதைப் படிப்பது என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு விடை கூறுபவராக நூல் மதிப்புரையாளர் தோன்றுகிறார். அவர் ஓரிரு ஆண்டுகள் எழுதி நிறுத்திவிடின் அவர் கூறியவை உதிரிக் கருத்துகளாகவே நின்றுவிடும். பல பத்தாண்டுகள் தொடர்ந்து எழுதுவாராயின் அவற்றினூடே ஒரு முறைமை புலப்படும். அம்முறைமை எங்கெங்கு, எதனால் மாறியது என்பதும் புலப்படும். இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் இவ்வகை ஆய்வுக்கு மிகுதியும் இடந்தருபவர் க.நா.சுப்ரமண்யம் (1912–1988).

நாவலாசிரியர், கவிஞர், இதழாசிரியர், மொழிபெயர்ப்பாளர் எனப் பல நிலைகளில் இயங்கியவர் க.நா.சு. எனினும் அவர் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது அவருடைய பட்டியல்களே. சிறந்த நாவல்கள் இவை, சிறந்த சிறுகதையாசிரியர்கள் இவர்கள் என்று காரணங்களை விரித்துரைக்காமல் பெயர்களை அடுக்கிச் செல்வது அவர் வழக்கம். இவ்வழக்கம் போற்றவும் பட்டது. கடுமையாகத் தாக்கவும் பட்டது. போற்றியோரும் தாக்கியோரும் பெரும்பாலும் பட்டியலில் இடம்பெற்ற பெயர்களைப் பற்றியே வாதிட்டனர். பட்டியல் என்பது எவ்வகையான மொழிச் செயல், அது நிறைவேற எவையெவை தேவை என்பன போதிய அளவு ஆராயப்படவில்லை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பரிந்துரை என்னும் மொழிச் செயல்

சில கூற்றுகள் செய்தியை அறிவிப்பதோடு நில்லாமல் ஒரு செயலையும் நிகழ்த்துகின்றன என்பது ஆஸ்டின் காட்டிய நெறி. வாக்களித்தல், எச்சரித்தல், வாழ்த்துதல் போன்றவை இத்தகையன. இவை நிறைவேறுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. தன்னிடம் இல்லாத பொருளைத் தருவதாக ஒருவர் வாக்களித்தால், சொற்றொடர் பிழையற்றதாக இருப்பினும் செயல் பிழைபட்டுவிடுகிறது.

‘இந்த நூல் சிறந்தது, படிக்க வேண்டியது’ என்னும் பரிந்துரையும் அத்தகைய மொழிச் செயலே. அது நிறைவேற நான்கு நிபந்தனைகள் வேண்டும் எனலாம். பரிந்துரைப்பவரிடம் வாசகர்க்கு நம்பிக்கை இருத்தல் வேண்டும். நூல் வாசகரின் கைக்குக் கிடைக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். வாசகர் அறிந்த மொழியில் அது அமைதல் வேண்டும். படித்தபின் பரிந்துரை சரியா தவறா எனச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஒரு வழி இருத்தல் வேண்டும்.

க.நா.சு.வின் எழுத்து வாழ்க்கையை இந்நான்கு நிபந்தனைகளோடு பொருத்தி நோக்கினால், ஒன்றுக்கொன்று தொடர்பற்றனவாகத் தோன்றும் அவருடைய முயற்சிகள் ஓர் ஒழுங்குக்குள் வருகின்றன. முதல் மூன்று நிபந்தனைகளையும் அவர் நிறைவேற்ற முயன்றார். நான்காவதை மட்டும் அவர் இறுதிவரை வாசகரிடமே விட்டுவிட்டார்.

3. நம்பிக்கையும் வினாவும்

‘சூறாவளி’ (1939), ‘இலக்கிய வட்டம்’ (1963–65) ஆகியவை க.நா.சு. நடத்திய இதழ்கள். இவற்றோடு, பிறர் நடத்திய இதழ்களிலும் அவர் தொடர்ந்து எழுதினார். பரவலாக விற்பனையான தொடர்கதைகளை இலக்கியம் என ஏற்க மறுத்தது அவருடைய நிலைப்பாட்டின் முதற்கூறு. மறுப்பதற்குத் தயங்காதவர் என்னும் பெயர் ஏற்பட்ட பிறகே அவர் பாராட்டுக்கு மதிப்பு ஏற்பட்டது. எல்லாவற்றையும் பாராட்டும் மதிப்புரையாளரின் பாராட்டு எதையும் உணர்த்துவதில்லை.

1950களின் பிற்பகுதியில் வெளிவந்த அவருடைய நூல்களுள் ஒன்றின் தலைப்பு ‘படித்திருக்கிறீர்களா?’ என்பது. மொழியியல் நோக்கில் இத்தலைப்பு கருதத்தக்கது. ‘படித்தீர்களா?’ என்று கேட்பது கடந்தகால நிகழ்ச்சி ஒன்றைக் கேட்பதாகும். ‘படித்திருக்கிறீர்களா?’ என்பதில் ‘இரு’ என்னும் துணைவினை வந்து, முடிந்த செயலின் பயன் இப்போதும் தங்கியிருக்கிறதா என்ற பொருளைச் சேர்க்கிறது. படித்ததை நினைவுகூர்க என்பதைவிட, படித்தவராக இருக்கிறீர்களா என்பதே இங்கு வினாவின் கருத்து. மேலும் ‘படியுங்கள்’ என்ற ஏவல் இதில் இல்லை. விடை ‘இல்லை’ என்பதாயின், அடுத்துச் செய்ய வேண்டியதை வாசகரே உணர்ந்துகொள்வார். ஆசிரியர் மாணவர்க்கு இடும் கட்டளையாக அல்லாமல், நூலகத்தில் அடுத்த இருக்கையில் அமர்ந்தவர் கேட்கும் கேள்வியாக இது அமைகிறது. பிற்காலத்தில் அவரைத் தீர்ப்புக் கூறும் நீதிபதியாகச் சித்திரித்தவர்கள் இவ்வினா வடிவத்தைக் கருத்தில் கொள்ளவில்லை.

4. கிடைக்காத நூல்கள்

நம்பிக்கை ஏற்பட்ட பின்னரும் நூல் கிடைக்காவிடின் பரிந்துரை பயனற்றதாகும். தமிழ் நாவலின் தொடக்க கால நூல்கள் பல ஐம்பதுகளில் பொது வாசகரின் பார்வையிலிருந்து விலகியிருந்தன. இச்சூழலில்தான் ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ என்னும் நூலைக் க.நா.சு. எழுதினார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879), ‘கமலாம்பாள் சரித்திரம்’ (1896), ‘பத்மாவதி சரித்திரம்’ (1898) முதலியவற்றை அவர் அதில் எடுத்துரைத்தார்.

புதிய நூலின் மதிப்புரை வாசகரைக் கடைக்கு அனுப்புகிறது. மறைந்துபோன நூலைப் பற்றிய மதிப்புரையோ பதிப்பாளரையும் நூலகரையும் நோக்கிப் பேசுகிறது. முன்னிலை மாறும்போது உரையின் அமைப்பும் மாறுகிறது. நூல் கையில் இல்லாத வாசகருக்குக் கதைச் சுருக்கம் தேவைப்படுகிறது. காலமும் ஆசிரியர் வரலாறும் தேவைப்படுகின்றன. புதிய நூலின் மதிப்புரையில் குறையாகக் கருதப்படும் கதைச் சுருக்கம் இங்கு இன்றியமையாததாகிறது. ஒரு மதிப்புரையாளரின் பழக்கங்களைக் குணம் குற்றம் என வகுக்கும் முன்னர், அவர் எந்த நிலையில் உள்ள வாசகரை நோக்கி எழுதினார் எனக் காணவேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

5. மொழிபெயர்ப்பு என்னும் மதிப்புரை

உலக இலக்கியத்தை அளவுகோலாகக் கொண்டு தமிழ் நூல்களை அளப்பது க.நா.சு.வின் நிலையான பழக்கம். தமிழ் மட்டும் அறிந்த வாசகருக்கு அந்த அளவுகோல் கண்ணால் காண முடியாத ஒன்று. நார்வே நாவலாசிரியர் ஹாம்சனின் பெயரைச் சொல்லித் தமிழ் நாவலை மதிப்பிட்டால், ஹாம்சனைப் படிக்காதவர் அதை வெறும் பெயராகவே ஏற்க நேரும். இவ்விடர்ப்பாட்டை நீக்கியது அவருடைய மொழிபெயர்ப்புப் பணி. ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்றும், ஸ்வீடனைச் சேர்ந்த செல்மா லாகர்லெவின் ‘கெஸ்டா பெர்லிங்’ கதையை ‘மதகுரு’ என்றும், பேர் லாகர்குவிஸ்டின் ‘பரபாஸ்’ நாவலை ‘அன்பு வழி’ என்றும் அவர் தமிழில் தந்தார். மூவரும் நோபல் பரிசு பெற்றவர்கள் (முறையே 1920, 1909, 1951). ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யும் அவர் மொழிபெயர்ப்பில் வந்தது.

இத்தலைப்புகளை ஒப்புநோக்குதல் பயன்தரும். ‘நிலவளம்’ மூலத் தலைப்பின் பொருளுக்கு அணுக்கமானது. ‘மதகுரு’வில் தலைவனின் இயற்பெயர் நீங்கி அவன் வகித்த பதவி தலைப்பாகியுள்ளது. அயல்நாட்டுப் பெயர் தமிழ் வாசகருக்கு எதையும் உணர்த்தாது என்பதால் இம்மாற்றம் நேர்ந்திருக்கலாம். மூன்றாவது தலைப்பு இவ்விரண்டினும் வேறானது. இயேசுவுக்குப் பதிலாக விடுவிக்கப்பட்ட குற்றவாளியின் பெயரே மூலநூலின் தலைப்பு. ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும் என்னும் போதனையைப் புரிந்துகொள்ளவும் இயலாமல், அதிலிருந்து விலகவும் இயலாமல் அவன் அலைவதே கதை. அவனுக்கு எட்டாமல் நிற்கும் ஒன்றைத் தலைப்பாக்கியதன் வாயிலாக, நாவலின் மையம் எது என்னும் தம் தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் முகப்பிலேயே கூறிவிடுகிறார். இரண்டே சொற்களில் அமைந்த மதிப்புரை இது எனலாம். வாசகர் இத்தீர்ப்போடு உடன்படாமல் இருக்கலாம். ஆனால் மாறுபடுவதற்குரிய சான்று, அதாவது நூல் முழுவதும், அவர் கையிலேயே உள்ளது. பட்டியலில் இல்லாத வாய்ப்பு இது.

6. தில்லியும் ஆங்கில வாசகரும்

‘இலக்கிய வட்டம்’ நின்ற பிறகு க.நா.சு.வின் வாழ்க்கை நெடுங்காலம் தில்லியில் கழிந்தது. தமிழ் இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதியவை இக்காலத்தில் மிகுந்தன. இங்கு முன்னிலை முற்றிலும் மாறுகிறது. தமிழ்நாட்டு வாசகர் முன் ஒரு பெயரைச் சொன்னால் அதற்கு எதிர்ப்பாவது எழும். தமிழறியாத இந்திய வாசகர் முன் அதே பெயர் எவ்வித எதிர்வினையையும் எழுப்புவதில்லை. பட்டியல் முற்றிலும் செயலிழக்கும் இடம் இதுவே.

நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) நாவலை உயர்வாக மதித்த க.நா.சு. அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் (1972). சிலப்பதிகாரத்தையும் ஆங்கிலத்தில் தந்தார் (1977). அயல்மொழியிலிருந்து தமிழுக்கு என்றிருந்த திசை இப்போது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எனத் திரும்பியது. ஆயினும் செயலின் தன்மை ஒன்றே: பரிந்துரைத்த நூலைப் பரிந்துரைத்தவரே வாசகரின் மொழியில் கொண்டுவந்து தருதல்.

7. சான்றின் எல்லை

இம்முறையின் குறையும் ‘தலைமுறைகள்’ வழியாகவே தெளிவாகிறது. இந்நாவல் இரணியல் பகுதிச் செட்டிமார் சமூகத்தின் பேச்சு வழக்கை ஆழமாகக் கையாள்வது. தமிழக வாசகருக்கே சில இடங்களில் பொருள் விளக்கம் தேவைப்படும் வழக்கு அது. பொதுத்தமிழுக்கும் அவ்வழக்குக்கும் இடையிலுள்ள தொலைவு நாவலின் பொருளிலேயே கலந்துள்ளது. ஆங்கிலத்தில் அத்தொலைவைக் காட்ட இருக்கும் வழிகள் எல்லாம் குறையுடையன. பொது ஆங்கிலத்தைப் பயன்படுத்தினால் தொலைவு மறையும். ஆங்கில வட்டார வழக்கு ஒன்றைப் பயன்படுத்தினால் வேற்று நிலத்தின் வாடை வீசும். எனவே மொழிபெயர்ப்பு கதையமைப்பையும் மாந்தரையும் சான்றாகக் காட்டலாம். மொழிநடையைச் சான்றாகக் காட்ட இயலாது. அவ்விடத்தில் மொழிநடை எவ்வாறு இயங்குகிறது என எடுத்துக்காட்டி விளக்கும் உரையே துணைசெய்யும்.

சி.சு.செல்லப்பா வற்புறுத்தியது இத்தகைய விளக்கத்தையே. 1959இல் அவர் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் அலசல் முறை விமரிசனத்துக்கு முதன்மை தரப்பட்டது. நல்லது என்றால் எதனால் நல்லது எனப் பகுத்துக் காட்டவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அலசுவதால் மட்டும் ஒரு படைப்பின் தரம் தெரிந்துவிடாது என்பதும், ரசனையே முதன்மை என்பதும் க.நா.சு.வின் நிலைப்பாடு. க.கைலாசபதி பின்னர் வேறொரு திசையிலிருந்து, ரசனை என்பதன் பின்னுள்ள சமூகச் சார்பை வினவினார் (1980). கோட்பாட்டால் வேறுபட்ட இவ்விருவரும் காரணத்தைக் கேட்பதில் ஒன்றுபடுகின்றனர்.

க.நா.சு.வின் விடையில் ஓரளவு உண்மை உண்டு. மோசமான கவிதையையும் நுட்பமாக அலச முடியும். அலசலின் நுட்பம் கவிதையின் சிறப்பு ஆகிவிடாது. ஆனால் இவ்வுண்மை காரணம் கூறும் கடமையிலிருந்து விடுதலை தருவதில்லை. காரணம் கூறப்படாத தீர்ப்பைப் பின்வருவோர் திருத்த முடியாது. ஏற்கவோ தள்ளவோ மட்டுமே முடியும். பட்டியலின் பெயர்களை அடுத்த தலைமுறையினர் மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லும் நிலை ஏற்படுமாயின், ரசனையை வளர்க்கப் பிறந்த கருவி ரசனைக்கு மாற்றாகிவிடும். அவ்வாறு நேராமல் காப்பது காரணமே.

8. முடிவுரை

சாகித்திய அகாதெமி விருதைக் க.நா.சு.வுக்குப் பெற்றுத் தந்த நூல் ‘இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்’ (விருது 1986). தனி வாசகரை நோக்கிய வினாவில் தொடங்கியவர் பலர் கூடிச் செய்யவேண்டிய இயக்கத்தைப் பற்றிப் பேசும் நிலைக்கு வந்திருந்தார் என்பதை இத்தலைப்புக் காட்டுகிறது. ஒருவர் பரிந்துரைத்தால் மட்டும் போதாது. பதிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் விவாதிப்பவரும் வேண்டும் என்பதை அவருடைய ஐம்பதாண்டு உழைப்பே மெய்ப்பித்திருந்தது.

அவர் மதிப்பீட்டு முறையின் வளர்ச்சி பட்டியலின் நீளத்தில் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் தம் பரிந்துரை எந்த வாசகரிடம் சென்று சேரவில்லை என்று கண்டு, அதற்குரிய பணியைத் தாமே மேற்கொண்டதில் உள்ளது. இம்முயற்சியில் மொழிபெயர்ப்பு அவருடைய விமரிசனத்தின் துணைப்பணியாக அன்றி அதன் நிறைவாகவே அமைந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் தாம் தேர்ந்தெடுக்கும் நூலின் வாயிலாக ஒரு மதிப்புரையை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதை இதிலிருந்து உணரலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் சென்று சேராத பகுதி எந்த நூலிலும் எஞ்சும். அப்பகுதி எது, அது ஏன் உயர்ந்தது என்பதை முன்னுரையிலேனும் விளக்கும் கடமை மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு. க.நா.சு. செய்யாமல் விட்ட அப்பணி அவர் வழியில் வருவோர் செய்து முடிக்க வேண்டியதாகும்.